அட்டையைச் செருகிய கை

போன மாதம் நீங்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நால்வரும் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கிறவர்கள், நால்வரும் எழுதுகிறவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் நின்றுகொண்டே மூன்று நாவல் எப்படி எழுதினீர்கள், நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். ஏதோ சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். நேரத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. கம்பெனி பஸ்ஸில் எழுதினேன், கேண்டீனில் எழுதினேன், இன்ஸ்பெக்‌ஷன் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதினேன். உங்களுக்கும் அப்படித்தான் கிடைக்கும்.

நீங்கள் கேட் தாண்டிப் போன பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று உறைத்தது. என் முதல் நாவலின் பதினொன்றாம் அத்தியாயத்தை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுதியதை யாரும் குறை சொல்லவில்லை. படித்த நண்பர்கள் அழுதார்கள். அதைத்தான் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்பது தொழிற்சாலையில் இருந்துகொண்டு எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்தான் கடைசி சில வருடங்கள் தவிர என் வேலை. அந்த மெஷின்கள் ஓடுகிற எங்கள் ஷாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்கிற ஆதங்கத்தில்தான் நாவலை ஆரம்பித்தேன்.

மெஷினைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய பிரஸ்ஸில் வலதுபக்கம் ஒரு பொத்தான், இடதுபக்கம் ஒரு பொத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கை அச்சுக்குள் மாட்டாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அப்படி ஓட்டினால் சூப்பர்வைசர் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் ஒரு பொத்தானின் இடுக்கில் மடித்த அட்டைத் துண்டைச் செருகி, அது அமுங்கியே இருக்கும்படி வைத்துவிடுவோம். ஒரு கை தகடு வைக்கும், இன்னொரு கை பொத்தானை அமுக்கும். வேலை ஓடும். ஷிப்டு முடியும்போது அட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவோம். அடுத்து வருகிறவனுக்கு மெஷினைச் சுத்தமாக விட்டுப் போக வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

என் மெஷினுக்கு அடுத்த ஷிப்டில் வருகிறவன் முனிராஜ். என்னைவிட ஏழெட்டு வயது இளையவன், வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், ஷாப்பில் தமிழ். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவான். மெஷினைக் கைமாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில் மட்டும் எங்கள் பழக்கம். "அச்சு சூடா இருக்கு, பாத்துக்க" என்பேன். "சரிணா" என்பான்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால், ஒரு நாள் முதல் ஷிப்டு முடிகிற நேரம், மதியம் இரண்டு மணி. கைகழுவப் போகிற கும்பல் எதிரே வர, அடுத்த ஷிப்டு ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருகிற விதத்தைப் பார்த்ததும் நாவலுக்கு ஒரு வாக்கியம் வந்தது. மறந்துவிடும் என்கிற பயத்தில் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கேண்டீனுக்கு ஓடினேன். மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்து நிமிரும்போது ஷாப் பக்கமிருந்து ஆட்கள் ஓடுவது தெரிந்தது.

அட்டையை நான் பிடுங்கவில்லை.

முனிராஜ் வந்து, இரண்டு பொத்தானையும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும் என்று நம்பி, இடது கையால் தகட்டைச் சரிசெய்திருக்கிறான். வலது கை பொத்தான்மேல் பட்டிருக்கிறது. இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

நான் போவதற்குள் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். மெஷினைச் சுற்றி நின்றவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டார்கள். "வந்ததும் வராததுமா சொருகியிருக்கான் பாரு" என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் உச்சுக் கொட்டினார். எனக்கு வாய் வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாள் வரவில்லை, பிறகு வராமல் இருப்பதே பழகிவிட்டது. மயக்கத்திலிருந்து எழுந்த முனிராஜிடம் அதிகாரிகள் கேட்டபோது, அட்டையைப் பற்றித் தனக்கு நினைவில்லை என்று சொல்லியிருக்கிறான். வேண்டுமென்றே மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு விதியை மீறினான் என்று அவன்மேல் குற்றச்சாட்டு போட்டு, வேலையைவிட்டு நீக்குவதற்கு விசாரணையும் வைத்தார்கள்.

விசாரணை வரும்வரை இருந்த அந்த மூன்று மாதத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நாவலை முடித்தேன். பதினொன்றாம் அத்தியாயத்தில் அந்த விபத்தை வைத்தேன். முனிராஜுக்கு வேறு பெயர் கொடுத்தேன். எண்ணிக்கை எண்ணிக்கை என்று விரட்டப்பட்ட ஒருவன், வேறு வழியில்லாமல் தானே அட்டையைச் செருகி, தானே விரல்களை இழக்கிறான். எழுதும்போது கண்ணீர் வந்தது. அவனுக்கு நியாயம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். தொழிலாளிமேல் தப்பில்லை, விரட்டியவர்கள்மேல்தான் தப்பு என்றுதானே எழுதியிருக்கிறேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். எழுதுகிறவன் அழுதான் என்பதாலேயே எழுதியது உண்மையாகிவிடாது. இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சொன்னவர், சொல்லப்போனால் கேட்டவர், என் நாவலைப் பதிப்பித்த சிறு பதிப்பகத்தின் எடிட்டர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நேரில் பார்த்ததுகூட இல்லை. ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில் போன் செய்தார்.

"சார், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. ஒரு சின்ன சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்க மேடம்."

"புக் முழுக்க கை கையா எழுதியிருக்கீங்க. யார் கையில தழும்பு, யாருக்கு நகம் கருத்திருக்கு, எல்லாம் கண்ணுல தெரியுது. பதினொன்னுல மட்டும் அட்டையைச் செருகுற கை தெரியவே இல்ல. 'அட்டை செருகப்பட்டிருந்தது'னு ஒரு வரி. அடுத்த வரியில அவன்தான் செருகினான்னு முடிச்சிட்டீங்க. இது நீங்க எழுதுற வரி மாதிரியே இல்ல சார். யார் கை அது?"

கேண்டீனில் தட்டுகளின் சத்தம். நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். அவருக்கு விபத்தைப் பற்றி எதுவும் தெரியாது. வாக்கியத்தை மட்டும் பார்த்துக் கேட்கிறார்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றேன்.

"வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னீங்கன்னா போதும்."

அதே வியாழக்கிழமை காலையில்தான் முனிராஜின் விசாரணை. இரண்டும் ஒரே நாளில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் இறங்கி, வேப்பனப்பள்ளி பஸ் ஏறினேன். பையில் பதினொன்றாம் அத்தியாயம் இருந்தது. எதற்கு எடுத்துப்போனேன் என்று இப்போதும் தெரியவில்லை. அதைக் காட்டினால் பேச்சு சுலபமாக இருக்கும் என்று நினைத்திருப்பேன்.

முனிராஜ் வீட்டு வாசலில் அவன் மனைவி ரத்னம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அவன் இடது கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தான். கட்டுப் பிரித்தாகிவிட்டது, இருந்தாலும் மூடியிருந்தான்.

"இன்னாணா இவ்ளோ தூரம்?" என்றான்.

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று தயார் செய்திருந்தேன். எண்ணிக்கை, சூப்பர்வைசர், அவசரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கடைசியில் விஷயத்துக்கு வருவதாக ஏற்பாடு. அவன் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை.

"அந்த அட்டையை வச்சது நான் முனிராஜ். எடுக்காம போயிட்டேன்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் அடிக்கவில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டான்.

"அப்ப நான் வெக்கலியாணா?"

"இல்லப்பா. நீ வைக்கல. நான்தான்."

"நெசமா?"

"சத்தியமா."

அவன் மூச்சை விட்டான். மூன்று மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சு போல அது நீளமாக வந்தது. வாசலைப் பார்த்து, "நேனு பெட்டலேது ரத்னம்மா" என்றான். நான் வைக்கவில்லை என்று தெலுங்கில் சொல்கிறான். மறுபடியும், "நேனு காது" என்றான், நான் இல்லை என்று.

ரத்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவள்தான் எனக்கு விளக்கினாள். "அவருக்கு நெனப்பே வரலைங்ணா. எல்லாரும் நீதான் சொருகுனன்னு சொல்றாங்க, அப்ப நான்தான் சொருகியிருப்பேன்னு அவரே நம்ப ஆரம்பிச்சிட்டாரு. நானும் திட்டுனேன். புத்தி இல்லாதவன்னு எத்தன நாளு திட்டியிருக்கேன். சோறு உள்ள போகாது அவருக்கு. மண்டையில ஏதோ ஆயிடிச்சி, அதான் மறந்துட்டேன்னு அழுவாரு."

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. அவன் விரல்களை மட்டும்தான் எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தன் நினைவின்மேலேயே அவன் நம்பிக்கை இழக்கும்படி செய்திருக்கிறேன். என் நாவலும் அதே பொய்யை அச்சில் ஏற்றி, அவன் காலம் முழுக்க அது நிற்கும்படி செய்யவிருந்தது.

கோபம் பிறகு வந்தது. வர வேண்டிய கோபம்தான்.

"மூணு மாசம்ணா" என்றான். "டெய்லி அந்த மெசின்லதான நின்ன? ஒரு நாளு கூட தோணலியா உனக்கு?"

பையிலிருந்த காகிதங்களை வெளியே எடுக்கவே இல்லை.

"இங்க வந்து எங்கிட்ட சொன்னா பத்தாது" என்றான். "வியாழக்கெழம அங்க வந்து சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேன்."

"சொல்லிட்டு அப்புறம் வா. இப்ப போ."

போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த அழுத்தம் கொஞ்சம் இளகியிருந்தது. பயத்தோடு இருப்பது, மறைத்துக்கொண்டு இருப்பதைவிட எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் அப்போது பள்ளிக்கூடத்தில். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "வேலை போனா ஊருக்குப் போய் எப்படியாவது பொழைச்சுக்கலாம். போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

புதன்கிழமை சங்கச் செயலாளரைப் பார்த்தேன். விசாரணையில் முனிராஜுக்காகப் பேசப்போகிறவர் அவர்தான். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அவனுக்காவது கை போன அனுதாபம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? உன்ன தூக்கிடுவாங்கப்பா" என்றார்.

"தெரியும்."

"வான்னு நான் கூப்புட மாட்டேன். நீயா வந்தா சாட்சி லிஸ்ட்ல பேரு போடுறேன். வீட்டுக்குப் போயி யோசி."

"யோசிச்சிட்டுதான் வந்தேன். போடுங்க."

வியாழக்கிழமை காலை, கண்ணாடி போட்ட மீட்டிங் அறை. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வயதான வக்கீல். எதிரே ஆட்கள் விவகாரம் பார்க்கிற பர்சனல் மேனேஜர், பக்கத்தில் எங்கள் சூப்பர்வைசர். சேலத்துக்காரர். ஷாப்பில் அவர் நடந்து வந்தாலே பேச்சு நின்றுவிடும். முனிராஜ் செயலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் கையை மூடவில்லை.

என் முறை வந்தது. அட்டையை வைத்தது நான், எடுக்காமல் போனதும் நான், முனிராஜுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரிஞ்சுதாங்க சொல்றேன்."

"ஏன் எடுக்காம போனீங்க?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லிவிடலாம். தலைவலி, வயிற்றுவலி, எது சொன்னாலும் ஒத்துக்கொள்வார்கள். "ஒரு வாக்கியம் தோணுச்சு சார். எழுதப் போயிட்டேன்" என்றேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் வாழ்நாளில் எழுத்தாளன் என்பதற்காக நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"மத்தவங்களும் இப்படி அட்டை வைப்பாங்களா? யார் யார்?" என்று மேனேஜர் குறுக்கே கேட்டார்.

எல்லோரும்தான் வைத்தார்கள். பெயர் சொன்னால் என் தப்பு பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மற்றவர்களின் கையைக் காட்டி என் கையை மறைப்பதைத்தான் நான் அந்த அத்தியாயத்திலும் செய்திருந்தேன்.

"என் கையைப் பத்தி மட்டும்தான் சார் நான் சொல்ல முடியும்" என்றேன்.

அதிகாரி சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "அட்டை வைக்கிற பழக்கம் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் மேஜையைப் பார்த்தார். அவர் தெரியாது என்றால் யாரும் எதுவும் நிரூபிக்க முடியாது. நான் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

"தெரியுங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "அது இல்லாம நான் கேட்ட நம்பர் வராதுங்க. கேட்டது நான்தான்" என்றார்.

மேனேஜர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. செயலாளர் என் தோளில் கைவைத்துவிட்டுப் போனார். என்ன முடிவு வரும் என்று தெரியாது. வேலை இருக்குமா என்று தெரியாது. நேராகக் கேண்டீனுக்குப் போய்த் தட்டை எடுத்தேன். சாதம், சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். பசி என்று ஒன்று இருப்பதே மூன்று மாதமாக மறந்துபோயிருந்தது. சாப்பிட்டுவிட்டு எடிட்டருக்குப் போன் செய்தேன்.

"மேடம், அந்தக் கை என்னுடையது" என்றேன். நடந்ததைச் சொன்னேன். "புத்தகத்தை நிறுத்த முடியுமா?"

"எத்தனை நாள் வேணும் சார்?" என்று மட்டும் கேட்டார்.

நாள் நிறையவே கிடைத்தது. என்னை ஆறு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். பிறகு பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். வேலை போகவில்லை. சூப்பர்வைசரின் அந்தப் பதிலுக்குப் பிறகு என்னை மட்டும் தூக்குவது அவர்களுக்குச் சிரமமாகிவிட்டது என்று செயலாளர் சொன்னார். முனிராஜ்மேல் இருந்த குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார்கள். டூல் ஸ்டோரில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள். சில மாதத்தில் பழைய மெஷின்களின் பொத்தான்களையும் மாற்றினார்கள். ஒன்றை அமுக்கியே வைத்தால் இனி மெஷின் ஓடாது. அந்தச் செய்தியை முனிராஜ்தான் பேக்கிங் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனான். விசாரணைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

சஸ்பென்ஷனில் இருந்த நாட்களில் பதினொன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். இந்த முறை அழுகை வரவில்லை. பாதி எழுதும்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து எழுதினேன். அட்டையை மடிக்கிற விரல், அதில் இருந்த கிரீஸ் கறை, செருகும்போது கட்டைவிரலால் அழுத்துவது, எல்லாம் தானாக வந்தன. கேண்டீனுக்கு ஓடியதையும் எழுதினேன். அன்று எழுத ஓடிய அந்த வாக்கியம் மட்டும் நாவலில் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. வைக்க மனம் வரவில்லை.

உங்களில் யாராவது உடன் வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதினால், செயல் நடக்கிற இடத்தில் உங்கள் வாக்கியம் யார் செய்தார் என்று சொல்லாமல் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அங்கே நின்றுவிடுங்கள். உங்களை நீங்களே காப்பாற்றிக்கொள்ளும் இடமாக அது இருக்கலாம். அந்த எடிட்டர் மட்டும் கேட்காமல் விட்டிருந்தால் நான் பாராட்டு வாங்கியிருப்பேன், முனிராஜ் தன்னையே சந்தேகித்துக்கொண்டு இருந்திருப்பான்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை டூல் ஸ்டோரில் கொடுத்தேன். முனிராஜுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொண்ணு படிப்பா" என்றான். அவன் பெண் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவனே கேண்டீனில் என் மேஜைக்கு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"பொண்ணு படிச்சு முடிச்சிட்டாணா. அந்த எடத்த ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன்."

"எப்படி இருக்கு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒண்ணு தப்பு."

"என்ன?"

"கை மாட்டுனப்ப அவன் கத்தல, பல்லக் கடிச்சிக்கினு நின்னான்னு எழுதியிருக்க. நான் கத்துனேன். ஷாப்பு முழுக்க கேட்டுச்சாம். நீ அங்க இல்ல, உனக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மைதான். அவனிடம் நான் கேட்கவில்லை. கத்தாமல் இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று நானாகப் போட்டது.

"மாத்திடறேன் முனிராஜ். அடுத்த பதிப்பு வந்தா மாத்திடறேன்" என்றேன். "என்ன கத்தினே?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து மேஜையில் யாரும் இல்லை.

"ரத்னம்மான்னு கத்துனேன்" என்றான். "அவகிட்ட இன்னும் சொல்லல. எப்பிடிச் சொல்றது? நீ புஸ்தகத்துல போட்டுடு. எம் பேரு வேற வெச்சிருக்க, பரவால்ல. அவ பேர மட்டும் மாத்தாத. பொண்ணு சத்தமா படிக்கறப்ப அவங்கம்மாவே கேட்டுக்கட்டும்."

இரண்டாம் பதிப்பு வர ஒன்றரை வருடம் ஆனது. நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பெயரை அவன் சொன்னபடியே வைத்திருக்கிறேன்.